நம் நாட்டுக் கல்லும் அணுக்கழிவும்



அணு என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஜப்பானும் அமெரிக்காவும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த வரலாற்றில் இலங்கைக் கற்களுக்கும் இடமுண்டு என்பதை நாம் சொல்லிக் கொடுப்பது குறைவு.

1904இல் சப்ரகமுவப் பக்கம் கறுப்பான, மிகப் பாரமான ஒரு கனியத்தை ஆனந்த குமாரசுவாமி அடையாளம் கண்டார். பின்னாளில் கலை வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற அதே கொழும்பில் பிறந்தவர்தான்; அப்போது கனியவள அளவைக்குப் பணிப்பாளராக இருந்தார். அக்கல்லுக்குத் தோரியனைட் என்று பெயர். 1905இல் லண்டனில் ஒட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தது இலங்கைத் தோரியனைட்டிலிருந்துதான். 1953இல் எஹலியகொடையில் எப்.எல்.டி. ஏக்கநாயக்க இன்னொரு தோரியக் கல்லைக் கண்டெடுத்தார். அது இன்று ஏக்கனைட் எனப்படுகிறது. பச்சையாக, கண்ணாடி போல இருக்கும்.

ஏன் கண்ணாடி போல? விடை நம் மாணிக்க வியாபாரிகள் நன்கறிந்த சிர்கோனில் இருக்கிறது. புல்மோட்டை மணலில் கிடைப்பதும் இதே கனியம்தான். சிர்கோன் உருவாகும்போதே கொஞ்சம் யுரேனியத்தையும் உள்ளே பூட்டிக்கொள்கிறது. யுரேனிய அணு சிதையும்போது இலேசான அல்பாத் துணிக்கை ஒரு பக்கம் பாய்கிறது. எஞ்சிய பாரமான கரு, துவக்கு பின்னால் உதைப்பதுபோல, எதிர்ப்பக்கம் உதைபடுகிறது. அல்பா தூரம் போனாலும் சேதம் குறைவு. பாரமான கரு சில பத்து நனோமீற்றர்தான் நகரும். ஆனால் ஆயிரம் அணுக்களளவில் இடம்பெயர்த்துவிடும். ஒவ்வொரு மோதலும் ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கைவிடவும் மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். இப்படி 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அடிபட்ட கல்லில் அணுக்களின் ஒழுங்கு குலைகிறது. கல் ஊதிப் பருக்கிறது, அடர்த்தி குறைகிறது.

1955இல் ஹொலண்ட், கொட்ஃப்ரிட் என்ற இரு ஆய்வாளர்கள் இலங்கைச் சிர்கோன்களை வரிசைப்படுத்தி இச்சேதத்தை அளந்தார்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே வயது. யுரேனிய அளவு மட்டும் வேறு. அதனால் எவ்வளவு அடிக்கு எவ்வளவு சேதம் என்று நேரடியாகப் பார்க்க முடிந்தது.

இன்று இதனால் என்ன பயன்? அணு உலைக் கழிவிலுள்ள புளுட்டோனியம் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் எடுக்கும். அதை எந்தத் திண்மத்துக்குள் பூட்டினாலும் உள்ளிருந்து இதே அடி விழும். வேகமாகச் சிதையும் புளுட்டோனியத்தைக் கலந்து ஆய்வுகூடத்தில் செய்த சிர்கோன் 6.5 ஆண்டுகளிலேயே ஒழுங்கை முற்றாக இழந்தது. அந்த அவசரச் சோதனை இயற்கையோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடக் கைகொடுத்தவை இலங்கைக் கற்கள்தான்.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளத்தில் உலைகள் ஓடுகின்றன. கழிவு எங்கே, எத்தனை காலம் பத்திரமாக இருக்கும் என்று கேட்க நம் பிள்ளைகளுக்கும் உரிமையுண்டு. அறிந்து கேட்க வேண்டுமானால், முதலில் நம் நாட்டுக் கல்லின் கதையை அவர்களுக்குச் சொல்லுவோம்.