மழையும் ஐந்து பர்லாங்கும்: ஆஸ்கட் குறும்பந்தயம் ஒன்றன் தோற்றம்

இங்கிலாந்தின் ஆஸ்கட் திடலில் ஜூன் மாதத்து அரச விழாவில் ஆண்டுதோறும் ஐந்து பர்லாங் தூரம் ஓடப்பெறுவதும், நெடுங்காலம் 'கிங்ஸ் ஸ்டாண்ட் ஸ்டேக்ஸ்' என்று வழங்கி 2024 முதல் மூன்றாம் சார்லஸ் மன்னரின் பெயரைப் பூண்டிருப்பதுமாகிய தரோபிரெட் குதிரைகளின் குறும்பந்தயம் எவ்வாறு தோன்றிற்று என்பதற்குப் பந்தய நூல்களில் வழிவழியாக எடுத்தெழுதப்பெறும் விருத்தாந்தம் ஒன்றுண்டு. 1860-ஆம் ஆண்டில் பெருமழையால் திடல் கெட்டமையின், இரண்டு மைல் ஓடப்பெற்றுவந்த 'ராயல் ஸ்டாண்ட் பிளேட்' என்னும் பந்தயத்தை, ஓடத்தக்கதாய் எஞ்சியிருந்த பகுதியில் ஐந்து பர்லாங்காகச் சுருக்கி நடத்தினர் என்பதும், அதில் 'குவீன் ஆப் தி வேல்' என்னும் குதிரை வென்றது என்பதும், அன்றுதொட்டு அது குறும்பந்தயமாகவே நிலைத்தது என்பதும் அதன் சாரம். நிகழ்ச்சிகளை நான் மறுக்கவில்லை. மழையே இப்பந்தயத்தை ஈன்றது என்னும் முடிபை மறுக்கிறேன்.

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காகதாலீயம் என்பர். அந்த நியாயத்தை எடுத்தாளுவோர் காகத்தின் மீதே கண்ணாயிருந்து, பழம் முன்னரே கனிந்திருந்ததை எண்ணிப்பார்ப்பதில்லை. மேற்கூறிய விருத்தாந்தத்தின் குறையும் இதுவே. மழை ஒரு நாளைய ஏற்பாட்டை மாற்றவல்லது. திடல் உலர்ந்த பின்னும் இரண்டு மைலுக்குத் திரும்பாமல் ஐந்து பர்லாங்கையே கைக்கொண்டதற்கு அம்மழை எங்ஙனம் காரணமாகும்? குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனப் பகுத்துரைக்கும் சித்தாந்த நூலாரின் வழக்கைக் கொண்டு சொல்லின், 1860-ஆம் ஆண்டு மழையைத் துணைக்காரணமாக ஏற்பதில் தடையில்லை. சக்கரத்தையே குயவனாகவும் மண்ணாகவும் கொள்ளுமாறு சொல்வதுதான் பொருந்தவில்லை.

மண்ணைத் தேடின், அம்மழைக்கு நெடுநாள் முன்னரே செல்லவேண்டும். 1711-இல் ஆன் அரசி ஆஸ்கட்டில் முதற்பந்தயம் நடத்தியபோது, ஆறு வயது கடந்த குதிரைகள் 12 ஸ்டோன் பாரம் சுமந்து, சுற்றொன்றுக்கு நான்கு மைலாக, ஒரே நாளில் பல சுற்று ஓட வேண்டியிருந்தது. அந்நிலை மாறிய வரலாறு பலரும் அறிந்ததே: 1776-இல் மூன்று வயதுக் குதிரைகளுக்குச் செயின்ட் லெஜர், 1786-இல் இரண்டு வயதினவற்றுக்கு நியூமார்க்கெட்டின் ஜூலை ஸ்டேக்ஸ், 1840-இல் குட்வுட்டில் ஆறு பர்லாங் ஹாண்டிகாப்பாக (திறனுக்கேற்பப் பாரம் ஏற்றும் பந்தயமாக) ஓடப்பெற்ற ஸ்டூவர்ட்ஸ் கப், 1843-இல் ஆஸ்கட்டிலேயே இளங்குதிரைகளுக்கான நியூ ஸ்டேக்ஸ். குதிரையை ஆறு வயது வரை தீனியிட்டுக் காத்திருப்பதினும் இரண்டாம் வயதிலேயே திடலுக்கு அனுப்பிப் பணம் காண்பது உடையவர்களுக்கு இலாபமாயிருந்தது. முற்றாத காலெலும்புடைய அவ்விளங்குதிரைகளால் பெருந்தூரம் ஓடவியலாமையின் தூரமும் குறைந்தது.

இவ்விடத்தில், பழைய நியூமார்க்கெட் பந்தயப் பட்டியல்களில் பயின்றுவரும் 'டி. ஒய். சி.' என்னும் மூன்றெழுத்துக் குறியீட்டைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஆறு பர்லாங்குக்குச் சிறிது குறைந்த பாதை ஒன்றை அது குறித்தது. அதன் விரிவு 'இரண்டு வயதுக் குதிரைகளின் பாதை' என்பதாம். உழவுச்சாலின் நீளத்தால் 'பர்லாங்' என்னும் அளவுக்கே பெயர் வந்த நாட்டில், இக்குறுந்தூரத்துக்குப் பெயர் ஓடுவோரின் வயதால் வந்தது. முதிர்ந்த குதிரைகளை அப்பாதையில் ஓட்டியபோதும் பட்டியலெழுதுவோர் அம்மூன்றெழுத்தையே எழுதினர். இதிலிருந்து நான் பெறும் அனுமானம், குறும்பந்தயம் முதலில் தூரத்தின் பெயரால் உணரப்படாமல், குதிரையின் இளமையால் உணரப்பட்டது என்பதாகும். அவ்வாறாயின் 1860-இல் நிகழ்ந்த புதுமை ஐந்து பர்லாங் என்னும் தூரமன்று. அரச மேடையின் பெயர் தாங்கிய கௌரவமான பந்தயம் ஒன்று, இளங்குதிரைகளின் தூரத்தைத் தனதாக்கிக்கொண்டதே புதுமை. ஒரு குறியீட்டின் மேல் இத்தனை பாரம் ஏற்றலாமோ என்று வினவுவோருக்கு, பெயர்களைத் தவிர வேறு சாட்சி அருகிய துறையில் பெயர்களைத்தான் வினவவேண்டும் என்பதே என் விடை.

பந்தயத்தின் பெயரும் இதற்கு அரண் செய்கிறது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னருக்காக ஜான் நாஷ் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த மேடையை 'ஸ்டாண்ட்' என்னும் சொல் நினைவூட்டுகிறது. அப்பெயரில் தூரத்தைக் குறிக்கும் சொல் எதுவுமில்லை. தூரத்தைப் பெயராகக் கொண்ட பந்தயம் சுருங்கின் பெயர் பொய்த்துப்போகும். மேடையின் பெயர் கொண்டதற்கோ, மேடைக்கு முன் ஓட்டம் முடிந்தாற் போதும், எங்கே தொடங்கினால் என்ன? சுருக்கிய பந்தயம் மாற்றுப் பெயர் தேடாமலே நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று வற்புறுத்திச் சொல்வேன். 'பிளேட்' என்பது நடத்துவோர் ஈயும் பரிசில். 'ஸ்டேக்ஸ்' என்பது குதிரையுடையோர் தாமே கட்டிய பணயங்களின் தொகுதி. விக்டோரியா அரசியின் காலத்தில் 'குவீன்ஸ் ஸ்டாண்ட் பிளேட்' என்றிருந்தது, 1901-இல் ஏழாம் எட்வர்ட் அரசேறியதும் 'கிங்ஸ் ஸ்டாண்ட் ஸ்டேக்ஸ்' ஆயிற்று. ஆகவே பந்தயத்தின் பிறந்த ஆண்டாக 1860-ஐக் கொள்வதா, 1901-ஐக் கொள்வதா, பழைய இரண்டு மைல் பந்தயத்தையும் அதன் இளமைப் பருவமாகச் சேர்த்தெண்ணுவதா என்பது, தொடர்ச்சியைத் தூரத்தில் காண்கிறோமா பெயரில் காண்கிறோமா என்பதைப் பொறுத்தது; இதனை முடிவுகட்ட நான் துணியவில்லை.

மழை விழுந்த அதே 1860-இல், எக்குதிரையும் ஏழு ஸ்டோனுக்குக் குறைந்த பாரத்தோடு ஓடலாகாது என்னும் மசோதாவை ரெட்ஸ்டேல் பிரபு பிரபுக்கள் சபையில் கொணர்ந்து, பின்னர் மீட்டுக்கொண்டார். பத்தாண்டு கழித்துச் சர் ஜோசப் ஹாலி, இரண்டு வயதுக் குதிரைகளை ஓட்டுவதைக் கட்டுப்படுத்துமாறு ஜாக்கி கிளப்பில் வாதாடினார். விலக்கு விதி எழுமிடத்தில் விலக்கப்படும் வழக்கம் முன்னரே வேரூன்றியிருக்கும் என்பது உரையாசிரியர் மரபு. இவ்விரு முயற்சிகளும் இளமையையும் இலேசான பாரத்தையும் குறித்தனவேயன்றி ஐந்து பர்லாங்கைக் குறித்தனவல்ல என்று ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபத்தில் வலிமை உண்டு. எனினும் வயது, பாரம், தூரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றியே குறைந்துவந்தன என்பதை மறந்துவிடலாகாது.

குறுந்தூரத்துக்கென்றே ஒரு குதிரை வர்க்கம் அந்நாளில் முற்றிலும் பிரிந்துவிடவில்லை. 1876-இல் நியூமார்க்கெட்டில் தொடங்கிய ஆறு பர்லாங் ஜூலை கப்பை முதலிரண்டு ஆண்டும் வென்ற 'ஸ்பிரிங்பீல்ட்', 1877-இல் ஒன்றேகால் மைல் சாம்பியன் ஸ்டேக்ஸையும் வென்றது. குறும்பந்தயத்தின் மதிப்பும் பின்னாளில் ஒருபடித்தாய் இருந்ததில்லை. ஆஸ்கட் பந்தயம் 1973-இல் முதல் தரத்துக்கு உயர்ந்து, 1988-இல் இரண்டாம் தரத்துக்கு இறங்கியது. 2003-இல் 'சுவாசிர்', 2006-இல் 'டேக்கோவர் டார்கெட்', 2007-இல் 'மிஸ் ஆண்ட்ரெட்டி' என ஆஸ்திரேலியக் குதிரைகள் கடல் கடந்து வந்து வென்று சென்ற பின்னர், 2008-இல்தான் முதல் தரம் அதற்கு மீண்டது.