நாணயமும் மதிப்பெண்ணும்: மும்பையில் வீடியோ கேம் விமர்சனம் வளர்ந்த விதம்

மும்பையில் வீடியோ கேம்கள் அச்சு இதழ்களில் முறையாக விமர்சிக்கப்படத் தொடங்கியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டித்தான் என்றாலும், எது நல்ல ஆட்டம், எது வெறுமனே காசைத் தின்னும் ஆட்டம் என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நகரின் ஆட்டக்கூடங்களில் வேரூன்றிவிட்டது. எழுத்தில் வந்த விமர்சனத்தை மட்டும் கணக்கில் கொள்வோர் அமெரிக்காவையும் ஜப்பானையும் முதலில் வைப்பார்கள். 1979இல் அமெரிக்காவின் ‘வீடியோ’ இதழில் பில் கன்கெலும் ஆர்னி காட்ஸும் எழுதத் தொடங்கிய ‘ஆர்கேட் ஆலி’ என்ற பத்தியே இத்துறையின் முன்னோடி எனக் கருதப்படுகிறது. 1981இல் அவர்களே ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’ என்ற தனி இதழைக் கொண்டுவந்தனர். 1986இல் ஜப்பானில் பிறந்த ‘ஃபாமிட்சு’ இதழ், நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்து வீதம் நாற்பதுக்கு மதிப்பெண் போடும் முறையை நிலைநிறுத்தியது. அந்த நாற்பதையும் முழுதாகப் பெற்ற முதல் ஆட்டம் 1998இல் வெளியான செல்டா வரிசையின் ‘ஆக்கரினா ஆஃப் டைம்’. இந்த இதழ்கள் எவையும் தாராவியிலோ செம்பூரிலோ வளர்ந்த சாதாரணக் குடும்பத்துச் சிறுவனின் கைக்கு எட்டியவை அல்ல என்பதால், அவன் தனக்கான அளவுகோலைத் தானே உண்டாக்கிக்கொள்ள நேர்ந்தது.

அந்த அளவுகோல் நாணயம். ‘வீடியோ கேம் பார்லர்’ என்று மும்பைவாசிகள் அழைத்த ஆட்டக்கூடம், பெரும்பாலும் ஒரு கடையறையில் சில மரப்பெட்டி இயந்திரங்களை வரிசையாக நிறுத்திய இடமாகவே இருந்தது. நாணயமோ டோக்கனோ போட்டால் ஆட்டம் தொடங்கும். கையிருப்பில் உள்ள உயிர்கள் தீர்ந்தால் முடியும். ஆகவே ஓர் ஆட்டத்தின் மதிப்பை முதலில் தீர்மானித்தது, போட்ட காசுக்கு அது எவ்வளவு நேரம் நின்று விளையாட விடுகிறது என்பதே. இதில் ஒரு நுட்பமும் உண்டு. இயந்திரத்தின் உள்ளே இருக்கும் மின்பலகையில் ‘டிப் ஸ்விட்ச்’ எனப்படும் சிறு பொத்தான்களின் வரிசை இருக்கும். எத்தனை உயிர் தருவது, எதிரிகள் எவ்வளவு கடுமையாகத் தாக்குவது, எத்தனை புள்ளிக்குக் கூடுதல் உயிர் கொடுப்பது என்பனவற்றைக் கூடத்தின் உரிமையாளர் அதன் வழியே மாற்றியமைக்க முடியும். ஒரே ஆட்டம் ஒரு கூடத்தில் தாராளமாகவும் அடுத்த தெருக் கூடத்தில் கஞ்சத்தனமாகவும் நடந்துகொள்ளும் என்பதால், அங்கே உருவான விமர்சனம் ஆட்டத்தோடு நிற்காமல், அதை வைத்திருப்பவரின் நேர்மையையும் சேர்த்தே எடை போட்டது. பிற்காலத்து அச்சு விமர்சனத்தில் இந்தக் கூறு இல்லாமற்போனது ஓர் இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

ஆட்ட வகைகளைப் பிரித்தறியும் அறிவும் அங்கேதான் பிறந்தது. இருவர் எதிரெதிரே நின்று மோதும் சண்டை ஆட்டத்தில், 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ அல்லது ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97’ போன்றவற்றில், வென்றவர் அதே காசில் நின்றுகொண்டே இருக்க, தோற்றவர் மறுபடி காசு போட வேண்டும். எனவே அங்கே திறமையே செலவைக் குறைத்தது, கைவரிசை காட்டுபவரைச் சுற்றி ஒரு பார்வையாளர் கூட்டமும் சேர்ந்தது. பக்கவாட்டில் நடந்து முன்னேறிக்கொண்டே வரிசையாக வரும் எதிரிகளை அடித்து வீழ்த்தும் வகையில், கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ இந்தியச் சிறுவர்களிடையே பெற்ற புகழை வேறெதுவும் பெறவில்லை எனலாம். மார்க் ஷுல்ட்ஸின் அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றிலிருந்து பிறந்த அந்த ஆட்டத்தின் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது. தேர்ந்தெடுக்கக் கிடைத்த நால்வரில் ஓடிவந்து பாய்ந்து உதைக்கும் முஸ்தஃபா என்ற பாத்திரத்தின் பெயராலேயே அது ‘முஸ்தஃபா’ என வழங்கியது. மேலை நாட்டு விமர்சனம் அதைப் பல நல்ல ஆட்டங்களில் ஒன்றாக மட்டுமே பட்டியலிட்டது. மும்பையின் நாணயங்களோ அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடின. மூவர் சேர்ந்து ஆடலாம், ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளலாம், குறைந்த காசில் நிறையப் பேர் மகிழலாம் என்பவை அந்தத் தீர்ப்புக்கான காரணங்கள். அவை எந்த இதழின் மதிப்பெண் அட்டவணைக்கும் குறைந்தவையல்ல.

அரசும் தன் பங்குக்கு ஆட்டங்களை வகை பிரித்தது. 1923ஆம் ஆண்டின் பம்பாய்க் கேளிக்கை வரிச் சட்டத்தின் வரம்புக்குள் வீடியோ கேம் இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டதால், சட்டத்தின் பார்வையில் அவை திரைப்படத்துக்கும் நாடகத்துக்கும் பக்கத்தில் வந்து நின்றன. 1995இல் எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்னொரு வகைப்பாட்டை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. ஓர் ஆட்டம் திறமையால் வெல்லப்படுவதா, தற்செயலால் வெல்லப்படுவதா என்பதே அங்கே ஆராயப்பட்ட கேள்வி. தமிழ்நாட்டில் மூத்த காவல்துறை அதிகாரிகளின் குழு ஒன்று அளித்த அறிக்கையும், ஆடுபவரின் வெற்றி வாய்ப்பு குறையும்படி இயந்திரங்களை உரிமையாளர்கள் மாற்றியமைப்பது பற்றிய அதன் கண்டறிதலும் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டன. ஆட்டக்கூடச் சிறுவர்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்ததையே நீதிமன்றம் சட்டமொழியில் பதிவுசெய்தது. ஆனால் சூதாட்ட இயந்திரங்களையும் சாகச ஆட்டங்களையும் ஒரே உரிம முறையின் கீழ் நிறுத்தியதால், பார்லர் என்றாலே பிள்ளைகள் கெட்டுப்போகும் இடம் என்ற பெற்றோரின் அச்சத்துக்கு அது மேலும் வலுவூட்டியது.

1990களின் முற்பகுதியில் ஆட்டம் வீட்டுக்குள் நுழைந்தது. நின்டென்டோவின் 1983ஆம் ஆண்டு ஃபாமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த மலிவுப் படிகள் ‘சாமுராய்’, ‘மீடியா’ போன்ற பெயர்களில் விற்கப்பட்டன. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடியதால் ‘டிவி கேம்’ என்றும், ஆட்டங்கள் பதிந்த செருகுபெட்டி ‘கேசட்’ என்றும் அழைக்கப்பட்டன. கேசட்டின் மேலட்டையில் ‘9999 ஆட்டங்கள்’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே ஒரு சில ஆட்டங்களே வேறு வேறு பெயர்களிலும் வேறு வேறு கட்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும். இந்த ஏமாற்று, வாய்மொழி விமர்சனத்தை வீட்டுக்கு வீடு அவசியமாக்கியது. எந்தக் கேசட்டில் ‘கான்ட்ரா’ முழுதாக இருக்கிறது, எதில் பாதியில் நின்றுபோகிறது என்ற தகவலை, வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

கணினியின் வருகையோடு நடுவம் மாறியது. கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தை அடுத்த லாமிங்டன் சாலை, மின்னணுப் பொருள்களுக்கு மட்டுமன்றி, திருட்டுப் பதிப்புக் குறுந்தகடுகளுக்கும் பேர்போன இடமாயிற்று. இந்தச் சூழலில்தான் அச்சு விமர்சனம் பிறந்தது. மும்பையின் ஜாசுபாய் நிறுவனம் வெளியிட்டுவந்த ‘சிப்’ இதழின் இந்தியப் பதிப்பு 2001இல் ‘டிஜிட்’ எனப் பெயர் மாறியது. கேம்களுக்கென்றே ‘ஸ்கோர்’ என்ற இதழும் அதே இல்லத்திலிருந்து வந்தது. இதழோடு இணைத்துத் தரப்பட்ட தகட்டில் புதிய ஆட்டங்களின் மாதிரிப் பகுதிகள் இருந்ததால், விமர்சகர் எழுதியதைப் படித்துவிட்டு வாசகர் அன்று மாலையே அதை ஆடிப் பார்த்து ஒப்பிட முடிந்தது. திரைப்பட விமர்சனத்துக்கோ நூல் விமர்சனத்துக்கோ இப்படியொரு வாய்ப்பு அக்காலத்தில் கிடைத்ததில்லை. அதே வேளையில் ஒரு குறையும் புகுந்தது. படத்தெளிவு, ஒலி, ஆட்ட நயம் எனப் பகுத்து மதிப்பெண் போடும் மேலை முறை அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டதால், காசுக்கேற்ற நேரம், சேர்ந்து ஆடும் வசதி, பழைய கணினியிலும் ஓடும் தன்மை ஆகிய உள்ளூர் அளவுகோல்கள் பின்னுக்குப் போயின. 2006இல் வெளியான ‘கிரிக்கெட் 07’ இதற்குச் சான்று. அதன் ஆட்டமுறை முந்தைய பதிப்பிலிருந்து பெரிதாக மாறவில்லை என்று குறை சொல்லப்பட்டபோதும், இந்தியாவில் பத்தாண்டுகளுக்கு மேலாக ரசிகர்கள் அணிகளையும் சீருடைகளையும் தாமே புதுப்பித்து ஆடிவந்தனர். கிரிக்கெட் ஆட்டத்தைச் சாகச ஆட்டத்தின் தராசில் நிறுத்த இயலாது என்பதை அந்த நீண்ட ஆயுள் காட்டுகிறது.

உள்ளூர்த் தயாரிப்புகள் வந்தபோது விமர்சகர்களின் நேர்மைக்குச் சோதனை வந்தது. மும்பையில் 1999இல் விஷால் கோண்டல் தொடங்கிய இந்தியாகேம்ஸ் போன்ற நிறுவனங்கள் தொழிலுக்கு அடித்தளமிட்டிருந்தன. நம் நாட்டுப் படைப்பு என்பதற்காகச் சலுகை காட்டுவதா என்ற கேள்வி 2009இல் கூர்மையடைந்தது. ஹைதராபாத்தின் அரோனா நிறுவனம் சோனியின் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக முழுமையாக இந்தியாவிலேயே உருவாக்கிய ‘அனுமான்: பாய் வாரியர்’ அவ்வாண்டு வெளியானது. தெய்வத்தை ஆடுபவரின் கைப்பொம்மையாக்குவது பக்தியைப் புண்படுத்தும் என்று ஒரு தரப்பு வெளிநாட்டிலிருந்து கண்டனம் எழுப்பியது. ஆட்டத்தின் அசைவும் சண்டையும் செம்மையற்றவை என்று விமர்சகர்கள் தாட்சண்யமின்றி எழுதினர். முதல் கண்டனம் ஆட்டத்தை ஆடிப் பார்க்காமலே செய்யக்கூடியது. இரண்டாவது ஆடியவரால் மட்டுமே செய்யக்கூடியது. படைப்பாளிகளுக்குப் பயன்பட்டது இரண்டாவதுதான் என்பதில் ஐயமில்லை.

மும்பையே ஓர் ஆட்டத்தின் களமானபோது நிலைமை தலைகீழானது. டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் 2018 நவம்பரில் வெளியிட்ட ‘ஹிட்மேன் 2’, மறைந்திருந்து இலக்கைத் தீர்த்துக்கட்டும் வகையைச் சேர்ந்தது. அதன் ஒரு பெரும் பகுதி மும்பையின் குடிசைப் பகுதியிலும், அதன் நடுவே பாதி கட்டி நிற்கும் உயர்ந்த கட்டடத்திலும், ஒரு படப்பிடிப்புத் தளத்திலும் நடக்கிறது. ஆடுபவர் தேட வேண்டிய மூவரில் ஒருவரின் முகமே தெரியாது. நெரிசலுக்குள் புகுந்து அடையாளங்களைக் கோத்துத்தான் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். நெரிசலையே புதிராக்கிய இந்த அமைப்பு பாராட்டுக்குரியது, பாராட்டும் பெற்றது. ஆனால் துணி வெளுப்பவர், தையற்காரர், முடிதிருத்துபவர், உணவு விற்பவர் என அங்கே காட்டப்படும் ஒவ்வொரு தொழிலும், கொலையாளி உடுத்திக் கழற்றும் மாறுவேடமாக மட்டுமே பயன்படுகிறது. எல்லா நாட்டுக் களங்களிலும் ஹிட்மேன் வரிசையின் விதி இதுவே என்பது உண்மைதான். என்றாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிட்ட குடும்பங்களும், கும்பார்வாடாவின் குயவர்களும், மறுசுழற்சிக் கூடங்களும் சேர்ந்து உருவாக்கிய தாராவியை அறிந்த ஒருவர் அதே ஆட்டத்தை விமர்சித்தால், உழைப்பு வேடமாகச் சுருங்கிய இந்த இடத்தில்தான் முதலில் விரல் வைப்பார்.

கைப்பேசிக் காலம் விமர்சனத்தை ஆடுபவர் எல்லோரிடமும் ஒப்படைத்தது. 2020 செப்டம்பர் 2ஆம் நாள் பப்ஜி மொபைல் ஆட்டம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டு, இரண்டே நாளில் அறிவிக்கப்பட்ட ‘ஃபௌஜி’ என்ற உள்நாட்டு ஆட்டம் 2021 குடியரசு நாளில் வெளியானபோது, பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய அதன் நட்சத்திர மதிப்பீடு சில நாட்களிலேயே சரிந்தது. துப்பாக்கியின்றிக் கைகலப்பாகவே நகரும் காட்சிகள் சலிப்பூட்டின என்பது ஆடியவர்களின் குறை. நாட்டுப்பற்றின் பெயரால் அவர்கள் அதை மறைக்கவில்லை. பார்லர் காலத்து நாணயத்தின் கறார்த்தனம் வேறு வடிவில் திரும்பிவந்ததாகவே இதைக் கொள்ள வேண்டும்.

தமிழரைப் பற்றிய ஆட்டம் ஒன்று உலக விமர்சனத்தின் முன் நின்றது 2023இல். டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’, 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதையைச் சமையற் புதிர்களாகச் சொல்கிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்கு முதற்படைப்புக்கான விருதை வழங்கியது. இட்லித் தட்டுகளை அடுக்கும்போது ஒரு தட்டின் குழிகள் அடுத்த தட்டின் குழிகளுக்கு நேர்மேலே வராதபடி திருப்பி வைத்தால்தான் ஆவி எங்கும் பரவும் என்பது அதன் முதல் புதிர். சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு வெளிநாட்டு விமர்சகர் தட்டுத்தடுமாறிக் கண்டறிந்த இந்த விடை, மும்பை மாட்டுங்காவின் தமிழ்ச் சமையலறைகளில் எவரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்தது. ஆட்டம் மிகக் குறுகியது என்ற குறை உலகெங்கும் எழுதப்பட்டது; அது நியாயமானதே. ஆனால் விடை முன்பே தெரிந்தவருக்கு அது புதிராக நிற்கிறதா, நினைவாக மாறுகிறதா என்ற கேள்வியைத் தமிழ் வாசகர்தான் எழுப்ப முடியும்.

மும்பைத் தமிழர்களின் இதழ்களும், தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களும் திரைப்படத்துக்கும் கவிதைக்கும் ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை இந்தக் கலைக்கும் ஒதுக்க வேண்டும். பார்லர்களில் காசு போட்டு வளர்ந்த தலைமுறை இன்று நாற்பதையும் ஐம்பதையும் எட்டியிருக்கிறது. எந்தக் கூடத்தில் எந்த ஆட்டம் ஏன் கொண்டாடப்பட்டது என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் வேலையை இளைய வாசகர்கள் இப்போதே தொடங்க வேண்டும்.