பல்பும் நட்சத்திரமும்

4,777 கோடியே 80 லட்சத்தை 36.78 கோடியால் வகுத்தால் ஏறக்குறைய 130 வரும். 36.78 கோடி என்பது 'உஜாலா' திட்டத்தில் 2022 தொடக்கம் வரை நாடெங்கும் விநியோகிக்கப்பட்ட எல்.இ.டி. பல்புகளின் எண்ணிக்கை. 4,777.8 கோடி என்பது அவற்றால் ஆண்டுதோறும் மிச்சமாவதாக அரசு அப்போது சொன்ன யூனிட்டுகள். பல்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 130 யூனிட் என்றாகிறது. 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி 9 வாட் எல்.இ.டி.யை மாட்டினால் குறைவது 51 வாட். அதை வைத்து 130 யூனிட் சேர வேண்டுமானால், அந்த விளக்கு ஒரு நாள் தவறாமல் தினமும் ஏழு மணி நேரம் எரிந்தாக வேண்டும். கூடத்து விளக்கு அப்படி எரியலாம். குளியலறை விளக்கு? மாடிப்படி விளக்கு?

அந்த இடத்தில் முன்பு குண்டு பல்புதான் இருந்ததா என்பது இன்னும் பெரிய கேள்வி. 2009-லேயே 'பச்சத் லாம்ப் யோஜனா' மூலம் சி.எஃப்.எல். விளக்குகள் மலிவு விலையில் வீடுகளுக்குப் போயிருந்தன. 14 வாட் சி.எஃப்.எல்.லுக்குப் பதிலாக 9 வாட் எல்.இ.டி. வந்தால் குறைவது வெறும் 5 வாட். அதே ஏழு மணி நேரத்துக்கு ஆண்டு முழுவதும் 13 யூனிட்கூடத் தேறாது. பல்பு அதேதான், பலன் பத்தில் ஒரு பங்கு. 2014-இல் புதுச்சேரியில் இந்த எல்.இ.டி. முயற்சியை முதலில் தொடங்கியபோது, பழைய குண்டு பல்பைக் கொடுத்துவிட்டுத்தான் புதியதை வாங்க முடிந்தது. எது போய் எது வந்தது என்பது கைக்குக் கை தெரிந்தது. பின்னாளில் கவுன்ட்டரில் 70 ரூபாய் கொடுத்தவருக்கெல்லாம் பல்பு கிடைத்தது. விநியோகம் வேகமெடுத்தது, ஆனால் எதற்குப் பதிலாக எது என்ற கண்ணி அறுந்துபோனது.

இதனால் உஜாலா தோற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதன் சாதனை வேறிடத்தில் இருக்கிறது. திட்டத்தை நடத்திய இ.இ.எஸ்.எல். நிறுவனம் 2014-இல் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது; 2016-இல் 38 ரூபாய்க்கு வாங்கியது. கோடிக்கணக்கில் ஒரே டெண்டர் விட்டதன் விளைவு இது. உலகெங்கும் எல்.இ.டி. விலை அப்போதே சரிந்துகொண்டிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் இரண்டே ஆண்டில் இந்த அளவுக்கு இறங்கியதில் பெரும் பங்கு அந்த மொத்தக் கொள்முதலுக்கு உண்டென்றே நினைக்கிறேன். திட்டத்தின் பெயரையே கேள்விப்படாதவர்கூடத் தெருமுனைக் கடையில் மலிவாக எல்.இ.டி. வாங்கினார். அவர் வீட்டு மிச்சம் அந்த 4,777 கோடியில் சேரவில்லை. ஆக, ஒருபக்கம் மிகையாக எண்ணும் கணக்கு, இன்னொரு பக்கம் உண்மையான பலனை எண்ணாமலே விட்டுவிடுகிறது.

இதன் பக்கத்தில் மின்சாதனங்களில் ஒட்டும் நட்சத்திர முத்திரையை வைத்துப் பார்க்கலாம். 2001-ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் இதைத் தொடங்கியது. யார் வீட்டுக்கும் அது எதையும் கொடுப்பதில்லை. கடையில் எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்பதை மட்டும் முடிவு செய்கிறது. 2010-இல் அறை ஏசி, ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரிட்ஜ் போன்ற சிலவற்றுக்கு முத்திரை கட்டாயமானது.

இதன் பலம் நட்சத்திர ஏணியை உயர்த்திக்கொண்டே போவதில் இருக்கிறது. ஸ்ப்ளிட் ஏசிக்கு 2018-இல் ஐந்து நட்சத்திரம் பெற 4.5 என்ற திறன் மதிப்பு போதுமானதாக இருந்தது. 2022 ஜூலையில் அது 5.0 ஆனது. பழைய ஐந்து நட்சத்திர ஏசி நான்காக இறங்கியது. ஐந்து நட்சத்திரத்தைத்தான் விளம்பரங்கள் கொண்டாடுகின்றன. நான் அதிகம் மதிப்பது அடிப்படியில் நடந்ததை. ஒரு நட்சத்திரத்துக்கான எல்லை 3.1-லிருந்து 3.3-க்கு ஏறியபோது, இடையில் இருந்த ஏசிகள் விற்பனைக்கே தகுதி இழந்தன. முத்திரையைப் படிக்கவே படிக்காத வாடிக்கையாளருக்கும் இதன் பலன் போய்ச் சேர்கிறது. பல்பு ஃப்யூஸ் போனால் அடுத்ததையும் எல்.இ.டி.யாகவே வாங்குவது அவரவர் கையில். ஏணியின் அடிப்படி அப்படி யாரையும் நம்பி நிற்பதில்லை.

கணக்கில் முத்திரைக்கும் ஓட்டை உண்டு. ஏசி முத்திரையில் அச்சாகும் ஆண்டு யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் வரை இரவெல்லாம் ஏசி ஓடும் சென்னை வீடு அந்த எல்லையைத் தாண்டிவிடும். இன்னொன்று, நட்சத்திர மதிப்பை ஆய்வகச் சோதனையின் அடிப்படையில் அறிவிப்பது தயாரிப்பாளரே. பணியகம் அவ்வப்போது சில மாதிரிகளை எடுத்துச் சரிபார்க்கிறது. அப்படிச் சரிபார்ப்பவை எத்தனை என்பதைப் பொறுத்தே மொத்தச் சேமிப்புக் கணக்கின் நம்பகமும் நிற்கிறது.

இரண்டு திட்டங்களும் சந்தித்துக்கொண்ட பொருள் ஒன்று உண்டு. அது ஃபேன். நம் ஊரில் விளக்கைவிட அதிக நேரம் ஓடுவது அதுதான். 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன், நாளுக்கு 15 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். உஜாலா ஒரு பல்புக்குச் சொல்லும் 130-ஐவிட இது அதிகம். ஆனால் அத்திட்டத்தில் விற்ற 50 வாட் ஃபேன்கள் 23.59 லட்சம்தான். ஃபேனின் 1,110 ரூபாய் விலை பல்பின் 70 ரூபாய் ஆகாது. பல்பைப் போல ஃபேன் சீக்கிரம் கெட்டுப்போவதும் இல்லை, ஓடுகிற ஃபேனை யாரும் கழற்ற மாட்டார்கள். முத்திரையோ, ஃபேன் விஷயத்தில் நெடுங்காலம் விருப்பத்துக்கு விடப்பட்டு, 2023 ஜனவரியில்தான் கட்டாயமானது. ஏணியில் ஏசிக்கு முதலிடம் கொடுத்து ஃபேனைப் பதின்மூன்று ஆண்டு காக்க வைத்ததை, ஏசி வாங்க வழியில்லாத வீடுகளுக்கு இழைத்த அநீதி என்றே சொல்வேன்.

இப்போது கட்டாய முத்திரையுடன் விற்கும் ஃபேன்களின் எண்ணிக்கையை வைத்துச் சேமிப்பைக் கணக்கிடத் தொடங்குவார்கள். அந்தக் கணக்குப் போடுகிறவர்கள் சில ஆயிரம் வீடுகளுக்காவது நேரில் போக வேண்டும். மின் அட்டையில் முந்தைய ஆண்டு யூனிட்டையும் இந்த ஆண்டு யூனிட்டையும் ஒப்பிட வேண்டும். அப்படியே பின்கட்டையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். கூடத்தில் புதிதாக மாட்டியதும் கழற்றிய பழைய 75 வாட் ஃபேன் பழைய இரும்புக்குப் போயிருக்கிறதா, இதுவரை ஃபேனே இல்லாத சமையலறையில் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று.