தாலுகா ஒரு ஊர்... யூனியன் வேற ஊர்! கரிசல் மக்கள் எந்த ஆபீசுக்கு போகணும்?

கோவில்பட்டி,

புதூரில் யூனியன் ஆபீஸ் இருக்கிறது, தாலுகா ஆபீஸ் கிடையாது. அந்த ஊருக்கு தாலுகா விளாத்திகுளம். எட்டயபுரத்தில் நேர் எதிர். அங்கே தாலுகா ஆபீஸ் உண்டு, யூனியன் ஆபீஸ் இல்லை. அந்த தாலுகா கிராமங்கள் அக்கம்பக்கத்து யூனியன்களில் பிரிந்து கிடக்கின்றன. இது தெரியாமல் ஒரு நாள் கூலியை விட்டுட்டு, பஸ்சுக்கும் காசு கொடுத்து போய் நின்றால் "இது இங்க இல்லப்பா" என்று திருப்பி விடுவார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபர் 20-ந் தேதி நெல்லையில் இருந்து பிரிந்தது. முதலில் வ.உ.சிதம்பரனார் மாவட்டம் என்றுதான் பெயர். இப்போது இதில் 3 வருவாய் கோட்டம், 10 தாலுகா, 12 யூனியன், 403 ஊராட்சிகள். கரிசல் பக்கம் கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய 5 தாலுகாவும் கோவில்பட்டி ஆர்.டி.ஓ.வுக்கு கீழ் வருகின்றன.

எது எங்கே?

பட்டா, சாதி, வருமானம், வாரிசு சான்று, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு எல்லாம் தாலுகா. இ-சேவை மையத்தில் மனு போட்டாலும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்றுதான் பைல் நகரும். இழுத்தடித்தால் ஆர்.டி.ஓ.விடம் போகலாம்.

குடிதண்ணீர், தெருவிளக்கு, வீட்டு வரி, தொகுப்பு வீடு, ஊரக வேலைத் திட்டம் என்றால் ஊராட்சி. அதற்கு மேலே யூனியனில் பி.டி.ஓ. கிராமத்து தலைவர், கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். கழுகுமலை, கடம்பூர் போன்ற பேரூராட்சிக்காரர்கள் இதற்கெல்லாம் யூனியனுக்கு போகவே வேண்டாம், செயல் அலுவலர்தான். கோவில்பட்டி டவுனுக்கு 36 வார்டுடன் நகராட்சி.

உங்க ஊரு எந்த தாலுகா, எந்த குறுவட்டம், எந்த யூனியன் என்று வி.ஏ.ஓ.விடம் ஒரு தடவை கேட்டு ரேஷன் கார்டு கவரில் எழுதி வச்சுக்கிட்டா பாதி அலைச்சல் மிச்சம்.

தனி மாவட்டம்

கலெக்டரிடம் மனு கொடுக்க கோவில்பட்டியில் இருந்து சுமார் 60 கி.மீ. தூத்துக்குடி போகணும். விளாத்திகுளம், புதூர் உள்கிராமத்து ஆட்களுக்கு பஸ் மாறி மாறி போக வேண்டிய கஷ்டம் தனி. அதனால்தான் கோவில்பட்டியை தலைநகரமாக வைத்து தனி மாவட்டம் வேண்டும் என்று ரொம்ப நாளாக கேட்கிறார்கள். 2019-ல் நெல்லையை பிரித்தபோது சங்கரன்கோவில், திருவேங்கடம் பக்கமெல்லாம் தென்காசி மாவட்டத்துக்கு போய்விட்டது. கோவில்பட்டி தூத்துக்குடியோடவே நின்றது.

இந்த மாதிரி கோரிக்கைக்கு ஆள் கணக்குதான் பலம். 2011 கணக்குப்படி மாவட்டத்தில் 17 லட்சத்து 50 ஆயிரத்து 176 பேர். ஆயிரம் ஆணுக்கு 1,023 பெண்கள். கோவில்பட்டி நகராட்சியில் மட்டும் 95 ஆயிரத்து 57 பேர். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்த கணக்குக்கு 2027 மார்ச் 1-ந் தேதியை அரசு குறித்திருக்கிறது.

மழை பொய்த்து திருப்பூர், கோவை, சென்னைக்கு பிழைக்க போன குடும்பம் இங்கே எத்தனையோ. ரேஷன் கார்டும் ஓட்டும் ஊரில் இருக்கலாம். ஆனால் சென்சஸ்காரர்கள் வழக்கமா எங்கே குடியிருக்கோமோ அங்கேதான் சேர்ப்பார்கள். பூட்டின வீடு ஆள் கணக்கில் வராது.