ஹெரால்டுக்கு இரும்பு வச்சுத் தைக்கலாமா?

கதவு ஒழுங்கா சாத்தாததில் ஆரம்பிச்ச கதைங்க இது. எங்கப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கின நாலு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இன்னும் எங்க வீட்ல ஓடுது. பொண்ணை ஸ்கூல்ல விடறது, நான் வேலைக்குப் போறது எல்லாம் அதுலதான். போன மாசம் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கினதும் பின்கதவு லேசா திறந்துகிச்சு. பொண்ணு அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தா. எனக்குக் கை நடுங்கிடுச்சு.

பட்டறைக்காரர் அடியில படுத்துப் பார்த்துட்டு, "சேஸிஸ் முறுக்குது தம்பி. ரெண்டு பக்கமும் சேனல் வச்சு வெல்டு அடிச்சுடுவோம், யானை ஏறினாலும் அசையாது"ன்னார்.

சரின்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் தனியா சேஸிஸ் கிடையாது, உடம்பே எலும்புக்கூடு. அப்புறமா வந்த ஹெரால்டுக்கு மட்டும் ஏன் பழையபடி தனிச் சேஸிஸ்? காரணம் இஞ்சினியரிங் இல்லீங்க, வியாபாரம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செஞ்சு கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிடுச்சு. முழு பாடி செய்ய ஆள் இல்லை. அதனால தனித்தனித் துண்டுகளா செஞ்சு, சேஸிஸ் மேல போல்ட் போட்டு முடுக்கிட்டாங்க. மேல அழகு பண்ணினவர் இத்தாலிக்காரர் மிகெலோட்டி. 1959ல் வண்டி வந்தது. 1961ல் நம்ம ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி சென்னையில் தயாரிக்க ஆரம்பிச்சது. இஞ்சின் 948 சிசி. அங்கே ரெண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு நம்ம ஊர்க் கைவண்ணம்!

ஆக, இந்த வண்டி கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும். நடுவில் ரெண்டு பெட்டி இரும்பு, அதிலிருந்து பக்கத்துக்கு நீளுற கைகள், அதுக்கு மேல ரப்பர் வச்சு பாடி. பாரத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கிற கூட்டுக்குடும்பம் மாதிரி. மழைத்தண்ணியும் சேறும் தேங்கி முதல்ல துருப்பிடிக்கிறது அந்தக் கைகள்தான். கை போச்சுன்னா பாடி தொங்கும், கதவு விலகும்.

துருவுக்கு மேல சேனல் வச்சு வெல்டு அடிச்சா எடைதான் கூடும். புது இரும்பு அசையாது. அது முடியற இடத்தில் பழைய தகடுதான் எல்லாத்தையும் தாங்கணும். நாளைக்கு அங்கேதான் விரிசல் விழும். உள்ளே துரு பாட்டுக்குத் தின்னுகிட்டிருக்கும்.

"அண்ணே, புதுசா ஒண்ணும் சேர்க்க வேணாம். இருந்ததை இருந்தபடி ஆக்கிக் கொடுங்க"ன்னேன். சுத்தியலால தட்டிப் பார்த்தா ஒரு பக்கத்துல ரெண்டு கை பொத்துப்போச்சு. அதே அளவில் பெட்டி செஞ்சு, குறுக்களவு சரிபார்த்து வெல்டு வச்சார். ரப்பரெல்லாம் புதுசு. கதவுப் பூட்டும் தேஞ்சிருந்தது, அதையும் மாத்தினோம். பூட்டு ஊர்ல இருந்துகிட்டு அதை முதல்லயே பார்க்காம விட்டேன் பாருங்க!

இப்போ அதே வேகத்தடையில் கதவு கம்முனு இருக்கு. வண்டி இன்னும் லேசா முனகுது. முனகட்டும், அது அதோட பிறவிக்குணம்.