துப்பாக்கியின் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கும் தோட்டாப் பெட்டி: .303 முதல் இன்சாஸ் வரை

விவேக் நகர் (பெங்களூரு): துப்பாக்கியின் குழாய் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டிருந்தாலும், அடுத்த தோட்டா உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு வந்து சேராவிட்டால் பயனில்லை. அந்தப் பணியைச் செய்வது 'மேகசின்' எனப்படும் தோட்டாப் பெட்டியாகும். மெல்லிய தகடு, சுருள்வில், தோட்டாவை மேலே தள்ளும் தட்டு ஆகியவற்றால் ஆன இந்தச் சிறிய பாகம் பிழைத்தால், களத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து நேரிடும். இந்தியப் படைகளும் காவல் துறையும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வந்த ஆயுதங்களின் வரலாறு இதை உணர்த்துகிறது.

எவ்வாறு இயங்குகிறது?

பெட்டியின் அடியில் உள்ள சுருள்வில், தோட்டாக்களை மேல்நோக்கித் தள்ளுகிறது. பெட்டியின் வாயில் உள்நோக்கி மடிக்கப்பட்ட விளிம்புகள், மேல் தோட்டா வெளியே குதித்துவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. முன்னோக்கி நகரும் போல்ட், அந்தத் தோட்டாவின் பின்புறத்தில் மோதி, அதைக் குழாயின் பின்முனையில் உள்ள அறைக்குள் தள்ளுகிறது.

பெட்டி சற்றுத் தாழ்வாகப் பொருந்தினால், போல்ட் தோட்டாவைத் தொடாமலேயே அதன் மேலாகக் கடந்துவிடும். மிக உயரமாகப் பொருந்தினால், போல்ட் உரசித் தடைபடும். வாயின் விளிம்புகள் அகன்றுவிட்டால் இரண்டு தோட்டாக்கள் ஒரே நேரத்தில் வெளிவந்து சிக்கிக்கொள்ளும். சுருள்வில் தளர்ந்திருந்தால், தோட்டா மேலெழுவதற்கு முன்பே போல்ட் மூடிவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடுகூட இத்தகைய தடைகளை ஏற்படுத்தக்கூடும்.

.303: விளிம்பால் வந்த சிக்கல்

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த, போல்ட்டுக்குக் கீழே பொருத்தப்படும் கழற்றக்கூடிய பெட்டிக்கு 1879-ஆம் ஆண்டு காப்புரிமை வழங்கப்பட்டது. 1895-இல் அறிமுகமான லீ-என்ஃபீல்டு துப்பாக்கி அதே அமைப்பைப் பின்பற்றியது. அதன் குட்டை வடிவம், மேற்கு வங்க மாநிலம் ஈஷாப்பூரில் உள்ள துப்பாக்கித் தொழிற்சாலையிலும் பெருமளவில் தயாரிக்கப்பட்டது.

.303 தோட்டாவின் அடிப்பகுதியில், உறையை விட அகன்ற விளிம்பு ஒன்று உண்டு. தோட்டாக்களை அடுக்கும்போது, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறாகப் பின்னால் அமைந்துவிட்டால், இரண்டும் ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும். அந்நிலையில் போல்ட்டை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் தோட்டா நகராது.

லீ-என்ஃபீல்டின் பெட்டி 10 தோட்டாக்களைக் கொள்ளும். அது கழற்றக்கூடியதாக இருந்தாலும், வீரர்கள் அதைத் துப்பாக்கியிலேயே வைத்து, ஐந்து ஐந்து தோட்டாக்கள் கோத்த தகடுகள் மூலம் மேலிருந்தே நிரப்பினர். தூய்மைப்படுத்தவே பெட்டி பெரும்பாலும் கழற்றப்பட்டது. தொடக்ககால வடிவங்களில் அது தொலைந்துபோகாமல் இருக்கத் துப்பாக்கியுடன் ஒரு வளையத்தால் பிணைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிய பெட்டி அதனுடனேயே இருந்ததால், வேறொரு துப்பாக்கியின் பெட்டியை மாற்றிப் பொருத்தும்போது தோட்டா சரியாக ஏறாமல் போவது உண்டு. பழைய துப்பாக்கிகளுக்கு இன்று மாற்றுப் பெட்டி தேடுவோரும் இதே சிக்கலைச் சந்திக்கின்றனர்.

பிரென் இயந்திரத் துப்பாக்கியின் பெட்டி பிறை போல் வளைந்திருப்பதற்கும் இந்த விளிம்பே காரணம். அதில் 30 தோட்டாக்களை நிரப்ப முடியும் என்றாலும், சுருள்வில்லின் அழுத்தத்தைக் குறைக்க வீரர்கள் 28 தோட்டாக்களையே நிரப்புவது வழக்கம்.

ஈஷாப்பூரின் மாற்றம்

1962-ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின், ஈஷாப்பூர் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்டு அமைப்பை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியது. 2ஏ, 2ஏ1 எனப்படும் இத்துப்பாக்கிகளில் வலுவான எஃகு பயன்படுத்தப்பட்டது. புதிய தோட்டாவில் துருத்திய விளிம்பு இல்லாததால், உறையை வெளியே இழுக்கும் கொக்கி மாற்றி அமைக்கப்பட்டது. 12 தோட்டாக்கள் கொள்ளும் சதுர வடிவப் பெட்டியும் உருவாக்கப்பட்டது. வெளித்தோற்றம் பழையதாகவே இருந்தபோதிலும், தோட்டாவை ஊட்டும் பகுதி புதிதாகவே வடிவமைக்கப்பட வேண்டியிருந்தது குறிப்பிடத்தக்கது.

பெல்ஜியத்தில் உருவான எஃப்ஏஎல் துப்பாக்கியிலும் இதே பாடம் உண்டு. பிரிட்டன் தயாரித்த அங்குல அளவு வடிவத்தின் பெட்டியில் முன்புறக் கொக்கி பெரியது. மெட்ரிக் வடிவத்தில் அது சிறியது. அங்குல அளவுப் பெட்டி மெட்ரிக் துப்பாக்கியில் நுழையாது. மெட்ரிக் பெட்டி மற்றதில் நுழைந்தாலும் தளர்ந்து ஆடும்.

ஸ்டெனும் ஸ்டெர்லிங்கும்

இரண்டாம் உலகப் போரில் அவசரமாகத் தயாரிக்கப்பட்ட ஸ்டென் துப்பாக்கியின் மிகப் பெரிய பலவீனம் அதன் பெட்டியே. இரண்டு வரிசைகளில் அடுக்கப்பட்ட தோட்டாக்கள், வாயருகே ஒரே வரிசையாகக் குறுகின. அங்கே சிறிது தூசு சேர்ந்தாலும் சிக்கல்தான். சுடும்போது பெட்டியைக் கைப்பிடி போலப் பற்றினால், அது சாய்ந்து தோட்டா தடைபடும் அபாயமும் இருந்தது.

அடுத்து வந்த ஸ்டெர்லிங் துப்பாக்கியில் இக்குறை களையப்பட்டது. அதன் 34 தோட்டாக்கள் கொள்ளும் வளைந்த பெட்டியில், தோட்டாக்களைத் தள்ளும் தட்டுக்குப் பதிலாக உருளைகள் அமைக்கப்பட்டன. இரண்டு வரிசைகளும் வாய்வரை தனித்தனியாகவே சென்றன. இதன் இந்திய வடிவம் கான்பூரில் தயாரிக்கப்பட்டது.

கார்கில் தந்த பாடம்

புதிய வடிவமைப்பு மட்டுமே தீர்வாகிவிடாது என்பதை இன்சாஸ் காட்டியது. உள்நாட்டில் உருவாக்கப்பட்ட இந்த 5.56 மி.மீ. துப்பாக்கிக்கு, மீதமுள்ள தோட்டாக்களை வெளியிலிருந்தே காணும் வகையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி வழங்கப்பட்டது. ஆனால், 1999-ஆம் ஆண்டு கார்கில் போரின்போது, கடுங்குளிரில் இப்பெட்டிகள் விரிசல் கண்டதாகப் புகார்கள் எழுந்தன. சமவெளியில் வசதியாகத் தோன்றிய அம்சம் மலையுச்சியில் பலவீனமாக மாறியது.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டில், மாவோயிஸ்டுகளுடனான மோதலில் 43 நேபாள ராணுவ வீரர்கள் உயிரிழந்ததை அடுத்து, இன்சாஸ் தரமற்றது என அந்நாட்டு ராணுவம் குற்றம் சாட்டியது. முறையாகக் கையாளாததே கோளாறுக்குக் காரணமாக இருக்கலாம் என்று இந்தியத் தூதரகம் பதிலளித்தது.

சிறிய தோட்டாவிலும் அதே சிக்கல்

இந்தியாவில் .303, 9 மி.மீ. போன்ற படைத்துறைத் தோட்டாக்களுக்கான ஆயுதங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. எனவே, உரிமம் பெற்றோரில் பலர் .32 கைத்துப்பாக்கிகளை வைத்துள்ளனர். 1899-இல் பிரௌனிங் வடிவமைத்த .32 தோட்டாவிலும் சிறிய அளவில் விளிம்பு துருத்தியிருக்கும். நீளம் குறைந்த முனை கொண்ட தோட்டாக்களைப் பெட்டியில் இட்டால், அவை முன்னும் பின்னும் நகர்ந்து, .303-இல் நேர்ந்ததைப் போலவே விளிம்புகள் மாட்டிக்கொள்ளக்கூடும்.

2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில் ஏ.கே. ரகத் துப்பாக்கி ஏந்திய பயங்கரவாதிகளை .303 ரகத் துப்பாக்கிகளுடன் காவலர்கள் எதிர்கொள்ள நேர்ந்தது. சுமார் 11 ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில் உத்தரப் பிரதேசக் காவல் துறை அவற்றுக்கு விடை கொடுத்தது. ஆயுதங்கள் மாறினாலும், துப்பாக்கிக்குப் பொருந்தும் பெட்டி, அப்பெட்டிக்குப் பொருந்தும் தோட்டா, பயன்படுத்தும் இடத்தின் தட்பவெப்பத்தைத் தாங்கும் பொருள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும் என்ற அடிப்படைத் தேவை மாறவில்லை.