பாத்திரமேற்பு விளையாட்டுகளில் மந்திரவாதி வகுப்பு

கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் மேசையைச் சுற்றி அமர்வோர் ஒவ்வொருவரும் வீரன், திருடன், மந்திரவாதி என ஒரு பாத்திரத்தை ஏற்பர். நடுவர் ஒருவர் கதையை நடத்துவார். பாத்திரத்தின் தொழில் 'வகுப்பு' எனப்படும். வாள் வீசுபவருக்கும் மந்திரம் சொல்பவருக்கும் ஆட்டத்தில் சம பங்கு கிடைக்க வேண்டுமானால், மந்திரத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும். அந்த விலை எது என்பதைப் பொறுத்தே மந்திரவாதி வகுப்பின் விதிகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன.

தோற்றம்

கேரி கைகாக்சு, டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய 'டஞ்சன்சு அண்ட் டிராகன்சு' 1974இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகுப்புகளே இருந்தன. சமயகுருவுக்கு முதல் படியில் மந்திரமே கிடையாது. மந்திரவாதிக்கு ஒன்று மட்டும் உண்டு.

மந்திர விதிக்கான கருத்து, ஜாக் வான்சு 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' நூலிலிருந்து வந்தது. அக்கதைகளில் மந்திரவாதியின் மனத்தில் சில மந்திரங்களே தங்கும். சொன்னவுடன் அவை மறந்துவிடும். தம்மைத் தூண்டிய எழுத்தாளர்களுள் ஒருவராக வான்சை 1979ஆம் ஆண்டு நடுவர் கையேட்டில் கைகாக்சு குறிப்பிட்டுள்ளார்.

விதியின் விளைவு

1978ஆம் ஆண்டு விதிநூலின்படி, உயிர்ப்புள்ளிகளுக்காக வீரர் பத்து முகப் பகடையையும் மந்திரவாதி நான்கு முகப் பகடையையும் உருட்டினர். மந்திரவாதி கவசம் அணிய முடியாது. ஒரே மந்திரத்தைச் சொல்லி முடித்தபின், மறுபடி ஓய்வெடுத்து மனனம் செய்யும்வரை அவரால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. உயர்ந்த படிகளிலோ நிலைமை தலைகீழானது, வீரர்கள் பின்தங்கினர். தொடக்க வலுவின்மையே பிற்கால வலிமைக்கான விலை எனக் கருதப்பட்டது. ஆனால் சில மாதங்களில் முடிந்துவிடும் ஆட்டத்தில் விலையைக் கொடுத்தவருக்குப் பலன் கிட்டுவதில்லை.

மாற்று வழிகள்

கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் உருவாக்கிய 'டனல்சு அண்ட் டிரால்சு' விளையாட்டில் மந்திரம் சொன்னால் உடல்வலிமைப் புள்ளிகள் குறைந்தன. இங்கு விலை மறதி அன்று, களைப்பு. 1978இல் வந்த 'ரூன்குவெசுட்டு' வகுப்புகளையே நீக்கி, எல்லாப் பாத்திரங்களுக்கும் மந்திரத்தைத் திறந்துவிட்டது. 1987இல் ஜானதன் டுவீட், மார்க் ரைன்-ஹேகன் ஆகியோர் வெளியிட்ட 'ஆர்சு மாசிக்கா'வில் 5 செயல்களையும் 10 பொருள்களையும் இணைத்து வீரர்களே புது மந்திரங்களை ஆக்கலாம்.

பிற்காலப் பதிப்புகள்

டுவீட் பின்னர் 'டஞ்சன்சு அண்ட் டிராகன்சு' மூன்றாம் பதிப்பின் (2000) வடிவமைப்பாளர்களுள் ஒருவரானார். அப்பதிப்பில் அறிமுகமான 'சார்சரர்' வகுப்பு முன்கூட்டி மனனம் செய்யத் தேவையில்லை. மாறாக, அறிந்த மந்திரங்களின் எண்ணிக்கை குறைவு. நான்காம் பதிப்பு (2008) வீரர், மந்திரவாதி இருவருக்கும் ஒரே அமைப்பில் ஆற்றல்களை வழங்கியது: எப்போதும் பயன்படுபவை, மோதலுக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. ஏற்றத்தாழ்வு குறைந்தது, எனினும், வகுப்புகள் அனைத்தும் ஒன்றுபோல் தோன்றுவதாகப் பலர் குறைகூறினர்.

ஐந்தாம் பதிப்பு (2014) நடுவழியை எடுத்தது. சிறு மந்திரங்களை எத்தனை முறையும் சொல்லலாம். பெரிய மந்திரங்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. 'வார்லாக்' வகுப்பு ஒரு மணி நேர ஓய்விலேயே தன் ஆற்றலை மீட்கும். இதனால் முதல் படி மந்திரவாதியும் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒன்றைச் செய்ய முடிகிறது. உயர்படிகளில் வீரருக்குள்ள குறை மட்டும் இன்னும் முழுமையாகத் தீரவில்லை.